கரிந்த தரை தரும் சாட்சியம்

1990 அக்டோபர் 15. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம், ஜாக்சன்வில் நகரம், லைம் தெரு. அங்கே மரவீடு ஒன்று எரிந்து ஆறு பேர் இறந்தார்கள். வீட்டுக்காரர் தன் மூன்று வயது மகனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அவருடைய மனைவி உட்பட உள்ளே இருந்த மற்றவர்களால் வெளியே வர முடியவில்லை. பையன் தீக்குச்சியை வைத்து விளையாடியபோது கூடத்து சோபா பற்றிக்கொண்டது என்றார் அவர். புலனாய்வு செய்தவர்கள் நம்பவில்லை. கூடத்திலிருந்து நடைவழி வரை தரையில் கோணல்மாணலாக ஒரு கரித்தடம் ஓடியது. சுவர்களின் அடிப்பகுதிகூட வெந்து கிடந்தது. எரியும் திரவத்தைக் கொட்டினால்தான் தரை இப்படிக் கரியும் என்பது அன்று அந்தத் துறையில் எல்லோரும் படித்த பாடம். அவர்மேல் ஆறு கொலைக் குற்றச்சாட்டுகள் பதிவாயின. ஃபுளோரிடாவில் கொலைக்கு மரண தண்டனை உண்டு.

அரசுத் தரப்புக்கு ஒரு சங்கடம் இருந்தது. அவருடைய உடையிலும் காலணியிலும் பெட்ரோல் இருப்பதாகச் சொன்ன ஆய்வக முடிவு, மறுசோதனையில் தவறு என்று தெரிந்தது. மிச்சமிருந்தவை எரிந்த வீட்டின் தடங்கள்தாம். தீ ஆய்வில் பெயர்பெற்ற ஜான் லென்டினி, ஜான் டிஹான் இருவரையும் அரசுத் தரப்பே அழைத்தது. தடங்களைப் பார்த்த லென்டினிக்கும் இது தீவைப்புதான் என்பதில் ஐயம் எழவில்லை. அதே தெருவில், ஏறத்தாழ அதே அமைப்பில், இடிக்கப்படவிருந்த வீடு ஒன்று காலியாக நின்றது. எரிந்த வீட்டில் இருந்தவை போன்ற கம்பளம், திரைச்சீலை, சோபா எல்லாவற்றையும் அதில் கொண்டுவந்து போட்டார்கள். வெப்பத்தை அளக்கும் கருவிகளைப் பொருத்தினார்கள். ஒரு சொட்டு எண்ணெய்கூட ஊற்றாமல் சோபாவை மட்டும் பற்றவைத்தார்கள்.

சுமார் நான்கரை நிமிடத்தில் கூடம் முழுவதும் ஒரே வீச்சில் தீப்பிடித்தது. அணைத்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்தபோது, கொட்டப்பட்ட திரவத்தின் அடையாளம் என்று நம்பப்பட்ட அதே கரித்தடங்கள் தரையில் கிடந்தன. வழக்கு கைவிடப்பட்டது.

அந்த நான்கரை நிமிடத்தில் நடந்தது என்ன என்று தெரிந்தால்தான், எரிந்த வீட்டில் எதைத் தேட வேண்டும், எதை நம்பக் கூடாது என்பது விளங்கும். சோபாவுக்குள் இருக்கும் பாலியூரித்தேன் நுரை உச்சத்தில் எரியும்போது 2 முதல் 3 மெகாவாட் வரை வெப்பத்தை உமிழும். சூடான புகை மேலே ஏறி, கூரையில் முட்டி, பக்கவாட்டில் பரவி, அடுக்காகத் தேங்கிக் கீழே இறங்கத் தொடங்கும். அந்தப் புகையடுக்கே இப்போது ஒரு வெப்பத் தகடு. அதன் வெப்பநிலை 500 முதல் 600 டிகிரி செல்சியஸைத் தொடும்போது, அதிலிருந்து இறங்கும் கதிர்வீச்சு தரையில் சதுர மீட்டருக்கு 20 கிலோவாட் அளவை எட்டுகிறது. நாற்காலி, திரைச்சீலை, செய்தித்தாள், தரைக் கம்பளம் எல்லாம் ஆவி கக்கி ஏறத்தாழ ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். இதை ஃப்ளாஷ்ஓவர் என்கிறார்கள். அதுவரை அது அறைக்குள் எரியும் ஒரு தீ. அதற்குப் பிறகு அறையே தீ.

அதன்பின் எங்கே அதிகம் எரிகிறது என்பதைத் தீர்மானிப்பது காற்று. எந்த எரிபொருளானாலும் ஒரு கிலோ ஆக்சிஜன் செலவாகும்போது வெளிப்படும் வெப்பம் ஏறத்தாழ 13 மெகாஜூல்தான். அறைக்குள் எரிபொருள் ஆவி நிறைந்து, காற்று மட்டும் பற்றாமல் போகும் நிலையில், கதவும் சன்னலும் காற்றை உள்ளே விடும் இடங்களில்தான் தீ மூர்க்கமாக எரியும். கதவோரத்துத் தரை ஆழமாகக் கரிந்து கிடந்தால், தீ அங்கே தொடங்கியது என்று பொருள் கொள்ள முடியாது. காற்று அங்கே வந்தது என்பதுதான் அதற்கு முதல் பொருள்.

2005இல் லாஸ் வேகாஸ் நகரில் அமெரிக்க அரசின் தீ ஆய்வாளர்கள் இதை ஒரு பயிற்சியில் சோதித்தார்கள். இரண்டு படுக்கையறைகளை அமைத்து எரியவிட்டு, ஃப்ளாஷ்ஓவருக்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு நிமிடம் கழித்து அணைத்தார்கள். தீப்புலனாய்வில் பழகிய 53 பேரை அழைத்து, அறையை நான்கு பகுதிகளாகப் பிரித்தால் எந்தப் பகுதியில் தீ தொடங்கியது என்று மட்டும் கேட்டார்கள். முதல் அறையில் சரியாகச் சொன்னவர்கள் 3 பேர். இரண்டாவது அறையிலும் 3 பேர். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பகுதியைக் கைகாட்டியிருந்தால்கூட 13 பேர் சரியாகச் சொல்லியிருப்பார்கள். அனுபவம் அவர்களை ஆழமாகக் கரிந்த இடத்துக்கு, அதாவது காற்று வந்த இடத்துக்கு, ஒருசேர இழுத்துச் சென்றிருக்கிறது.

தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த வேறு பல நம்பிக்கைகளும் இப்படியே உடைந்தன. சன்னல் கண்ணாடியில் சிலந்தி வலை போல நுண்விரிசல் இருந்தால் தீ மிக வேகமாகச் சூடேறியது, எனவே எண்ணெய் ஊற்றப்பட்டது என்று நீதிமன்றங்களில் சாட்சி சொல்லி வந்தார்கள். 1991 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லந்து மலைச்சரிவில் பெருந்தீ பரவி 25 பேர் இறந்தார்கள், சுமார் 3,000 வீடுகள் அழிந்தன. அந்த வீடுகளுக்குள் யாரும் பெட்ரோல் ஊற்றவில்லை என்பது உறுதி. லென்டினியும் அவருடைய தோழர்களும் அங்கே 50 வீடுகளை ஆராய்ந்தார்கள். 12 வீடுகளில் நுண்விரிசல் கண்ணாடி கிடைத்தது. அவை தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் பீய்ச்சிய ஓரப் பகுதிகளில் இருந்த வீடுகள். பிறகு ஆய்வகத்தில் கண்ணாடியை எவ்வளவு வேகமாகச் சூடேற்றிப் பார்த்தும் அந்த விரிசல் வரவில்லை. சூடான கண்ணாடிமேல் தண்ணீர் பட்டவுடன் வந்தது. தீவைத்தவரின் தடம் என்று சொல்லப்பட்டது, தீயை அணைக்க வந்தவர்கள் விட்டுச்சென்ற தடம்.

வாசற்படியின் அலுமினியப் பட்டை உருகியிருந்தால் பெட்ரோல் என்பதும் இப்படிப்பட்ட நம்பிக்கைதான். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். ஃப்ளாஷ்ஓவர் கண்ட எந்த அறையும் அந்த வெப்பத்தைத் தாண்டிவிடும். பெட்ரோல் தீயும் மரத்தீயும் வெப்பநிலையில் ஏறத்தாழ ஒன்றே. வெப்பம் வெளிப்படும் வேகத்தில்தான் வேறுபாடு. இன்னொன்றும் உண்டு. வழவழப்பான தரையில் மெல்லிய படலமாகக் கொட்டிய பெட்ரோல் ஒரு நிமிடம் அளவில் எரிந்து தீர்ந்துவிடும். திரவம் இருக்கும் வரை அதன் அடியிலுள்ள பலகையின் சூடு அந்தத் திரவத்தின் கொதிநிலையைத் தாண்டாது. தரையில் ஆழமாக ஓட்டை விழ வைப்பது பெரும்பாலும் நெடுநேரம் கனன்ற கூரைச் சிதைவும் உருகி ஒழுகிய பிளாஸ்டிக்கும்தான்.

அப்படியானால் தீவைப்பைக் கண்டுபிடிக்கவே முடியாதா? முடியும். ஆனால் அது தீக்களத்தை முதல் நாளில் எப்படிப் பதிவு செய்கிறோம், எதை எப்படி எடுத்து மூடி வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தடயம் சேகரிப்பவர் தன் சந்தேகத்துக்குத் துணைபோகும் பொருட்களை மட்டும் பொறுக்கக் கூடாது. தன் முடிவை மறுக்க நாளை ஒருவர் வருவார், அவருக்கும் இந்தப் பதிவு போதுமானதாக இருக்க வேண்டும் என்ற நினைப்போடு வேலை செய்ய வேண்டும். இந்தத் துறையில் இதைவிட முக்கியமான விதி வேறில்லை என்று நான் கருதுகிறேன்.

முதல் சாட்சிகள் தீயணைப்பு வீரர்கள். அவர்கள் வந்து இறங்கியபோது எந்தச் சன்னல் வழியாகத் தீ வெளியே வந்தது, கதவு பூட்டியிருந்ததா, பூட்டை உடைத்தது அவர்களா அல்லது அது முன்பே உடைந்து கிடந்ததா, மின்சாரத்தை யார் எப்போது துண்டித்தார்கள், எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்தார்கள் என்பவற்றை அன்றே கேட்டு எழுதிவிட வேண்டும். தீ அடங்கியதும் கங்கு எங்கேனும் ஒளிந்திருக்கிறதா என்று எரிந்த பொருட்களைக் கிளறி வெளியே வாரிப் போடுவது அவர்களுடைய கடமை. தடயத்தை அதிகம் அழிப்பதும் அந்த வேலைதான். மீண்டும் பற்றிக்கொள்ளும் ஆபத்து இல்லாத அறைகளை மட்டுமாவது கிளறாமல் விடும்படி கேட்டுக்கொள்வதும், கிளறும் முன் சில படங்கள் எடுத்துவிடுவதும் பெரிய வித்தியாசத்தைத் தரும். அவர்கள் கொண்டுவரும் ரம்பமும் புகைவிசிறியும் பெட்ரோலில் ஓடுபவையாக இருக்கலாம். அவற்றுக்கு எரிபொருள் நிரப்புவதை வீட்டுக்கு வெளியே, தொலைவில் வைத்துக்கொள்ளாவிட்டால், பிறகு கிடைக்கும் பெட்ரோல் யாருடையது என்ற கேள்விக்கு விடை இருக்காது.

படம் எடுப்பது வெளியிலிருந்து தொடங்கும். வீட்டின் நான்கு பக்கமும், நான்கு மூலைகளும், கூடவே சுற்றிலும் நின்று பார்க்கும் கூட்டமும். பிறகு உள்ளே, சேதம் குறைந்த அறையிலிருந்து சேதம் மிகுந்த அறையை நோக்கி. சேதமில்லாத அறையை எதற்காகப் படம் எடுக்க வேண்டும் என்று தோன்றலாம். அங்கே சுவரில் புகை எந்த உயரம் வரை இறங்கியது என்ற கோடு இருக்கும், அலமாரி காலியாக இருந்ததா என்பது தெரியும். வீட்டை எரிப்பதற்கு முன் விலையுள்ள பொருட்களை அப்புறப்படுத்தியவர்கள் உண்டு. ஒவ்வொரு பொருளையும் மூன்று விதமாக எடுப்பார்கள்: அறையில் அது இருக்கும் இடம் தெரியும்படி தொலைவிலிருந்து, பக்கத்துப் பொருட்களோடு, பிறகு அளவுகோல் வைத்து நெருக்கமாக. கரிந்த அறையில் கறுப்பின்மேல் கறுப்பாக இருப்பதால் கேமராவின் ஃப்ளாஷ் மட்டும் போதாது; பக்கவாட்டிலிருந்து விளக்கடித்தால்தான் கரியின் மேடுபள்ளம் படத்தில் விழும். எந்தப் படம் எங்கே நின்று எந்தத் திசையில் எடுத்தது என்று தரைப்படத்தில் குறித்து வைக்காவிட்டால், ஆறு மாதம் கழித்து எடுத்தவருக்கே அது எந்தச் சுவர் என்று தெரியாது.

அதன் பிறகுதான் தோண்டல். அகழாய்வுக் குழியில் போலவே இங்கும் மேலே கிடப்பது கடைசியாக விழுந்தது. கூரை ஓடும் சட்டமும் மேலே கிடக்கும், அதன் அடியில் சுவர்ப்பூச்சு, அதற்கும் அடியில் மேசை நாற்காலிகளின் மிச்சம், கடைசியாகத் தரை. ஒவ்வொரு அடுக்கையும் அகற்றும் முன்பும் பின்பும் படம் எடுக்க வேண்டும். தரைக்கு அருகில், மற்ற எல்லாவற்றுக்கும் அடியில், புகைக்கரி படியாத சன்னல் கண்ணாடித் துண்டுகள் கிடந்தால், தீப்பிடிக்கும் முன்பே அந்தச் சன்னல் உடைந்திருக்கிறது. துண்டுகளில் கரி படிந்திருந்தால் புகைக்குப் பிறகு உடைந்தது. ஒரு மண்வெட்டியால் எல்லாவற்றையும் வாரித் தெருவில் கொட்டிவிட்டால் இந்த வேறுபாடு நிரந்தரமாகப் போய்விடும்.

தரை தெரிந்ததும் அறையைப் பழையபடி அடுக்கிப் பார்ப்பார்கள். நாற்காலிக்கால் நின்ற இடத்தில் கரியாத சிறு வட்டம் இருக்கும். கட்டிலின் கால்களுக்கும் அப்படியே. அந்த வட்டங்களில் மிச்சமிருக்கும் கால்களை நிறுத்தினால், எந்தப் பக்கம் அதிகம் எரிந்தது என்பது கண்முன் வரும். ஜிப்சம் பலகை சூடாகும்போது தன்னுள் பிணைந்திருக்கும் நீரை இழந்து மாவாகும். ஒரு மெல்லிய கம்பியைச் செருகி, எத்தனை மில்லிமீட்டர் மாவாகியிருக்கிறது என்று சுவர் முழுவதும் புள்ளி புள்ளியாக அளந்தால் வெப்பத்தின் வரைபடமே கிடைத்துவிடும். புகை அலாரம் ஒலித்ததா என்பதைக்கூட அறியலாம்: ஒலித்துக்கொண்டிருந்த அலாரத்தின் ஒலிப்புறத்தில், அதிர்வின் காரணமாகக் கரி தனி விதமாகத் திரண்டு படிந்திருக்கும். அதைத் துடைத்துவிட்டால் போயிற்று.

மின்கம்பிகளில் செம்பு உருண்டு மணிமணியாகத் திரண்டிருந்தால் மின்கசிவு என்று எழுதிவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. தீயே கம்பியின் உறையை எரித்து, இரு கம்பிகள் தொட்டுக்கொண்டாலும் அதே மணி உருவாகும். மணி சொல்வது ஒன்றுதான்: தீ அங்கே வந்தபோது கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. உடல்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எரிந்த உடல்கள் கைகளை மடக்கிக் குத்துச்சண்டைக்கு நிற்பதுபோல் கிடப்பது வெப்பத்தில் தசை சுருங்குவதால்தான், போராடியதால் அல்ல. தீ பரவும்போது அவர் உயிரோடு மூச்சுவிட்டாரா என்பதை மூச்சுக்குழாயில் படிந்த கரியும் இரத்தத்தில் ஏறிய கார்பன் மோனாக்சைடும் சொல்லும்.

இனி திரவத்தைத் தேடும் வேலை. பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றப்பட்டிருந்தால், நன்றாகக் கரிந்து வெளுத்த இடத்தில் அது கிடைப்பது அரிது, எரிந்து தீர்ந்திருக்கும். தீயின் கண்ணுக்குத் தப்பிய இடுக்குகளில்தான் அது ஒளிந்திருக்கும்: பலகைகளின் இணைப்பில், சுவரும் தரையும் சேரும் விளிம்பில், கம்பளத்தின் அடிமெத்தையில், கரிந்த பகுதியும் கரியாத பகுதியும் சந்திக்கும் எல்லையில். சிமென்ட் தரையாக இருந்தால் சுண்ணாம்பையோ கோதுமை மாவையோ தூவி, சற்று நேரம் விட்டு, உறிஞ்சியதை வழித்தெடுப்பார்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் புதுக் கையுறை, கழுவித் துடைத்த கருவி.

எதில் போட்டு வைப்பது என்பதில்தான் பல வழக்குகள் தோற்றுப்போகின்றன. சாதாரண பாலிதீன் பையின் சுவர் வழியே ஹைட்ரோகார்பன் ஆவி வெளியேறிவிடும். வெளியிலிருந்து உள்ளேயும் வரும். ஒரே பெட்டியில் இரண்டு பைகளை வைத்தால் ஒன்றிலிருந்த பெட்ரோல் மற்றொன்றில் கிடைக்கலாம். பெயின்ட் கடைகளில் இருப்பதுபோன்ற, ஆனால் எதுவும் நிரப்பப்படாத புதிய தகர டின், இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிக் குடுவை, இதற்கென்றே செய்த நைலான் பை ஆகியவைதான் ஏற்றவை. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. ஆவி தேங்க மேலே இடம் வேண்டும். தோட்டத்து மண்ணாக இருந்தால் உறைகுளிரில் வைக்க வேண்டும், ஏனென்றால் மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் பெட்ரோலைத் தின்றுவிடும். தாமதமாகப் பரிசோதித்தால் அவை தின்றுவிட்டுப் போன மிச்சம்தான் கிடைக்கும்.

சந்தேகத்துக்குரிய இடத்தில் எடுத்த கம்பளத்தோடு, சந்தேகமில்லாத இடத்திலிருந்து அதே கம்பளத்தின் ஒரு துண்டும் தனி டின்னில் போக வேண்டும். இந்த ஒப்பீட்டு மாதிரியை மறப்பவர்கள்தான் அதிகம். பைன் பலகையில் டர்பன்டைனின் கூறுகள் இயல்பாகவே உண்டு. வார்னிஷ் பூசிய மரத்தரையில் அதன் கரைப்பான் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் கண்டறியும் அளவில் தங்கியிருப்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன. காலணிகளை ஒட்டும் பசையில் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் இருக்கும். ஒப்பீடு இல்லாத நேர்மறை முடிவு, பலகை செய்தவரையும் செருப்பு தைத்தவரையும் குற்றவாளியாக்கிவிடும்.

ஆய்வகத்தில் டின்னைத் திறந்து, உள்ளே ஒரு சிறு கிளர்வூட்டிய கரித்துண்டைத் தொங்கவிட்டு மூடி, 60 முதல் 80 டிகிரி வெப்பத்தில் பல மணி நேரம், பெரும்பாலும் ஓரிரவு முழுவதும் வைப்பார்கள். ஆவியெல்லாம் கரியில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைக் கார்பன் டைசல்ஃபைடில் கரைத்தெடுத்து கேஸ் குரோமடோகிராஃப் கருவிக்குள் செலுத்தினால், நீண்ட நுண்குழாயில் மூலக்கூறுகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் வெளிவரும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒவ்வொன்றும் எது என்று அடையாளம் சொல்லும். பெட்ரோலில் 4 முதல் 12 கார்பன் வரையுள்ள மூலக்கூறுகள், அவற்றில் டொலுயீன், சைலீன் போன்ற வளையச் சேர்மங்கள் தமக்குள் குறிப்பிட்ட விகிதத்தில் நிற்கும். மண்ணெண்ணெயில் 9 முதல் 16 கார்பன் வரையுள்ள நேர்ச்சங்கிலிகள் ஒழுங்கான சிகரங்களாக எழும். ஒன்றிரண்டு சேர்மங்கள் இருப்பது எதையும் நிரூபிக்காது. கம்பளமும் சோபாவும் எரிந்தாலே டொலுயீனும் ஸ்டைரீனும் வெளிவரும். முழுக் கோலமும் பொருந்தினால்தான் பெட்ரோல். ஒரு சொட்டில் நூறில் ஒரு பங்கு இருந்தாலும் இன்றைய கருவிக்குப் போதும். அந்தக் கூர்மையே, தூய்மையில்லாத சேகரிப்பை ஆபத்தானதாக்குகிறது.

மோப்ப நாய்கள் இந்தத் தேடலில் பெரிய துணை. 1986இல் கனெக்டிகட் மாநிலக் காவல்துறையில் மேட்டி என்ற லாப்ரடார் இந்த வேலைக்குப் பயிற்சி பெற்று வந்தது. பிறகு பல நாடுகளில் அது வழக்கமாயிற்று. எங்கே மாதிரி எடுப்பது என்று நாய் காட்டுவது மனிதர்களின் பல மணி நேரத்தைச் சேமிக்கும். ஆனால் நாய் உட்கார்ந்தது, ஆய்வகத்தில் ஒன்றும் இல்லை என்றால், ஆய்வகத்தின் பேச்சைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆய்வகம் உறுதிசெய்யாத நாயின் சைகையைச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்று அமெரிக்காவின் தீ ஆய்வு வழிகாட்டியான என்எஃப்பிஏ 921, 1996இல் திருத்தப்பட்டது. தற்செயலான காரணம் எதுவும் கிடைக்கவில்லை, ஆகவே தீவைப்பு என்று கழித்தல் கணக்கில் முடிவுக்கு வருவதை அதே நூல் 2011 பதிப்பில் நிராகரித்தது. அந்த வழிகாட்டி முதன்முதலில் வெளிவந்த ஆண்டு 1992.

அதற்குச் சில வாரங்கள் முந்தி, 1991 டிசம்பர் 23 அன்று டெக்சாஸ் மாநிலம் கோர்சிகானாவில் ஒரு வீடு எரிந்து மூன்று பெண் குழந்தைகள் இறந்தனர். தந்தை கேமரன் டாட் வில்லிங்ஹம் தப்பினார். தரையில் குட்டை வடிவத் தடங்கள், நுண்விரிசல் கண்ணாடி, வாசற்படி அலுமினியத்துக்கு அடியில் கரி என்று இருபதுக்கும் மேற்பட்ட அடையாளங்களைப் புலனாய்வாளர்கள் வரிசைப்படுத்தினார்கள். பல இடங்களில் எடுத்த மாதிரிகளில், முன்வாசல் பகுதியில் எடுத்தது மட்டுமே எரிதிரவத்தைக் காட்டியது. அந்த முன்வாசல் திண்ணையில்தான் அந்தக் குடும்பம் கரியடுப்பையும் அதைப் பற்றவைக்கும் திரவத்தையும் வைத்திருந்தது. 1992இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2004 பிப்ரவரியில் தண்டனைக்குச் சில நாட்கள் இருந்தபோது, வேதியியலாளர் ஜெரால்டு ஹர்ஸ்ட் வழக்குக் கட்டுகளைப் படித்தார். வீடு அப்போது இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் புலனாய்வாளர்கள் எடுத்த படங்களும் வீடியோவும் அவர்களுடைய சாட்சியமும்தான் இருந்தன. அவற்றை வைத்தே ஒவ்வொரு அடையாளத்தையும் அவர் அறிவியலால் தகர்த்தார். அறிக்கை அதிகாரிகளிடம் போய்ச் சேர்ந்தும் பிப்ரவரி 17 அன்று தண்டனை நிறைவேற்றப்பட்டது. 2009இல் மாநிலத் தடய அறிவியல் ஆணையத்துக்காக இதை மறுபடி ஆராய்ந்த கிரெய்க் பெய்லர், தீவைப்பு என்ற முடிவுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்றார். வில்லிங்ஹமின் தண்டனை நிறைவேறிய அதே 2004இன் அக்டோபரில், அதே டெக்சாஸில், அதே வகைத் தடங்களின் பேரில் 1987 முதல் மரண தண்டனைக் கைதியாக இருந்த எர்னஸ்ட் வில்லிஸ் விடுதலையானார். அவர் வழக்கையும் ஹர்ஸ்ட்தான் ஆராய்ந்தார்.

தவறாகப் படித்தவர்கள் நேர்மையாகப் படம் எடுத்து வைத்திருந்ததால்தான் அந்தத் தவறை வேறொருவர் பின்னாளில் கண்டுபிடிக்க முடிந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. அந்தப் படங்களும் இல்லாத வழக்குகள் எத்தனையோ.

நம் நாட்டில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆம் பிரிவு, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் நிகழ்விடத்துக்கு வரவேண்டும், சேகரிப்பை வீடியோவில் பதிய வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை முழுமையாக நடைமுறைப்படுத்த ஐந்தாண்டு வரை அவகாசம் உண்டு. வீட்டுக்குத் தீவைத்தல் அந்த வரம்புக்குள் வரும் குற்றம். 1849இலேயே நாட்டின் முதல் வேதியியல் ஆய்வாளர் ஆய்வகத்தைப் பெற்ற சென்னையின் மரபில் வந்த நம் தடய அறிவியல் துறைக்குக் கருவியறிவு புதிதல்ல. குறை இருப்பது நிகழ்விடத்துக்கும் ஆய்வகத்துக்கும் இடையில்: மகஜர் எழுதும் காவலர் கையில் நைலான் பை இருக்கிறதா, எரிந்த பொருட்களைத் தெருவில் வாரிக் கொட்டும் முன் அரை மணி நேரம் கேட்டுப் பெறும் அதிகாரம் அவருக்கு இருக்கிறதா என்பதில். மண்ணெண்ணெய் புழங்கிய வீடுகள் நிறைந்த நாட்டில் ஒப்பீட்டு மாதிரியின் தேவை பிற நாடுகளைவிட இங்கே அதிகம்.

இன்னொரு சிறு ஏற்பாட்டையும் இங்கே வழக்கமாக்கலாம். ஈரக்கரி போட்ட தகர டின் சில மாதங்களில் துருப்பிடித்து ஓட்டையாகும்; உள்ளே இருந்த ஆவி போய்விடும். அதனால் ஆவியை உறிஞ்சிய கரித்துண்டை முழுவதும் சோதனைக்குச் செலவிடாமல் இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கண்ணாடிக் குப்பியில் மூடி முத்திரையிட்டு வைக்கலாம். வழக்கு பத்தாண்டு நீண்டாலும், எதிர்த்தரப்பு வேறொரு ஆய்வகத்தில் சோதிக்க விரும்பினால், அந்தப் பாதியை எடுத்துக் கொடுக்க முடியும்.